செம்மல் பார்க்காத ஏற்காடு

ஏற்காட்டுக்குக் கணக்கில்லாத முறை போய்வந்தும் ஏற்காட்டை ஒருமுறைகூடப் பார்க்காதவர் என்ற பெருமை, புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்த வேன் டிரைவர் செம்மலுக்கு உண்டு. இந்தப் பெருமைக்குப் போட்டியாக யாராவது வருவதென்றால் அவர்களும் வேன் டிரைவர்களாகத்தான் இருப்பார்கள்.

அவர் பார்த்ததெல்லாம் வண்டி நிறுத்தும் இடங்கள். எந்தக் காட்சி முனையிலும் பயணிகள் ஓடிப்போய் ‘ஐயோ, எவ்ளோ அழகு’ என்று கூவிக்கொண்டிருக்கும்போது, செம்மல் வண்டியைத் திருப்பிக்கொண்டிருப்பார். திருப்பி முடித்தால் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்கும். அதற்கு வழிவிட்டு, ஓர் இடம் தேடி, சக்கரத்துக்குக் கல் வைத்து, யாரோ வளைவில் எடுத்த வாந்தியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் பயணிகள் மிளகாய் பஜ்ஜியோடு திரும்பி வந்துவிடுவார்கள். ‘பாத்தாச்சிண்ணா, போலாம்’ என்பார்கள். அவரும் போவார். ஆகவே ஏற்காடு என்றால் அவர் மனதில் எழும் சித்திரம், ஈரமான தார்த்தரை, சரிவு, பஜ்ஜி வாசனை, ‘இங்க நிறுத்தாதே’ என்று விசில் ஊதும் ஒருவர். மலை என்பது இவற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார்.

செம்மலுக்கு வயது ஐம்பத்தைந்து. இளைஞராக இருந்தபோது மில்லில் நூற்புப் பிரிவில் வேலை. மில்லை மூடினார்கள். வெளியே வந்தவர்களில் ஒருவர் டீக்கடையைப் பிடித்தார், ஒருவர் கட்சியைப் பிடித்தார், ஒருவர் மைத்துனர் காலைப் பிடித்தார். செம்மல் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அன்றிலிருந்து அவர் மலையேற்றாத ஆளில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், பரீட்சை முடித்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கட்சி மாறிவிடக் கூடாது என்பதற்காகக் குளிர்ந்த இடத்தில் பத்திரப்படுத்தப்பட்டவர்கள் என எல்லோரும் அவர் வண்டியில் ஏறியிருக்கிறார்கள். ஏறாதவர் ஒரே ஒருவர். அவர் மனைவி நிர்மலா.

நிர்மலா பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவள். கல்யாணமான புதிதில் செம்மல் அவளிடம், ‘அடுத்த சீசனுக்கு ஏற்காடு கூட்டிப் போறேன்’ என்றார். அரசாங்க அறிவிப்புகளுக்கு நிகரான உறுதியோடு அந்த வாக்கு பல்லாண்டுகள் நின்றது. சீசன் வரும், வண்டி நிறைந்திருக்கும், அவளுக்கு இடமிருக்காது. இதற்குள் அவளுடைய முட்டிகள் தேய்ந்துவிட்டன. ‘படி ஏறாதீங்க, தரையில ஒக்காராதீங்க’ என்றார் டாக்டர். தரையில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவளிடம் சொல்லத் தகுந்த ஆலோசனை. அவள் அதைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, தரையில் உட்காரப் போய்விட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் செம்மல் வீட்டுக்கு ஒரு செய்தியோடு வந்தார்.

“மொதலாளி வண்டிய விக்கிறாராம். அடுத்த மாசத்திலேருந்து எனக்கு ஸ்கூல் பஸ்ஸு. ஊருக்குள்ளயே ஓட்டம். மலையெல்லாம் இனிமே கெடையாது. இந்த ஞாயித்துக்கெழம போறதுதான் கடைசி.”

பாரம் இறக்கியவரைப்போல் மூச்சு விட்டார். நிர்மலா கையிலிருந்த சரத்துக்கு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்ப என் மலை?”

“ஒம் மலையா?”

“ஊருல இருக்கறவன எல்லாம் மேல ஏத்துனீங்க. கட்சிக்காரன ஏத்துனீங்க. எதிர்வூட்டு நாய ஏத்துனீங்க.”

“அந்த நாயி அவங்ககூட வந்துது. நான் தனியா கூட்டிப் போவல.”

“அந்த நாய்க்கு இருந்த குடுப்பன எனக்கு இல்ல.”

செம்மல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

“ஞாயித்துக்கெழம நான் வரேன்,” என்றாள் நிர்மலா. “ஓசியில வரல, டிக்கெட்டு எடுத்துத்தான் வரேன். ஆனா ஒரு எடத்துலயாவது நீங்க வண்டிய வுட்டு எறங்கி, எம்பக்கத்துல இருந்து மலையப் பாக்கணும். ஒத்தையில பாக்கறதுக்கு எனக்கு மலை வாணாம். அதுக்கு நான் சுவரப் பாத்துகினே இருப்பேன்.”

“சரி,” என்றார் செம்மல்.

பயணிகள் எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற சொல் அது. ஆனால் இந்தமுறை சொன்னபிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குப் பெயர் ‘நோகாமல் ஏற்காடு’. இதன் தந்தை கலைவாணன். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்து, ஊரிலுள்ள எல்லோரும் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொள்ளத் தொடங்கியதும் சுற்றுலாவுக்கு மாறியவர். புதுச்சேரிக்காரர்களின் முட்டிகளைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: மலை நம்மிடம் வர வேண்டுமே தவிர, நாம் மலையிடம் போகக் கூடாது. எனவே படியில்லாத, ஏற்றமில்லாத, மூச்சு வாங்காத இடங்களாக மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றிலும் முடிந்தவரை இறங்காமலே பார்க்கும் முறையை வகுத்திருந்தார். கையில் எப்போதும் ஒரு மைக். பெரிய மார்க்கெட்டின் பூக்கடை, மீன்கடைப் பெண்கள் மொத்தமாகச் சேர்ந்து இந்தமுறை வேனை நிரப்பினார்கள். அவர்களுக்குத் தலைவி தனக்கொடி. மீன் விற்பவள். அவள் மெதுவாகப் பேசினால் பக்கத்துத் தெருவில் கேட்கும்.

விடியுமுன் கிளம்பினார்கள். எல்லையில் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். புதுச்சேரி எண் கொண்ட வண்டி மலைக்குப் போகிறதென்றால் அதில் பாட்டில் இருந்தே தீரும் என்பது அங்குள்ளோரின் தீராத நம்பிக்கை. ஒரு காவலர் டார்ச்சோடு ஏறி, சீட்டுக்கடியில் இருந்த பெரிய அலுமினியச் சட்டியைப் பார்த்துவிட்டார்.

“இதுல என்ன?”

“கொழம்பு,” என்றாள் தனக்கொடி.

“தொறங்க.”

“தொறக்கறேன். தொறந்தா மூட மாட்டேன். நீ சாப்ட்டுட்டுத்தான் எறங்கணும்.”

திறந்தாள். வஞ்சிரக் குழம்பு மணம் வேனை நிறைத்து, சாவடியைக் கடந்து, அடுத்த மாவட்டத்துக்குள் நுழைந்தது. காவலர் டார்ச்சை அணைத்துவிட்டு, சோகமாக இறங்கிப் போனார்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பெண்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு மௌனமானார்கள். நிர்மலா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் திறந்துவைத்திருந்தாள். செம்மல் உள்கண்ணாடியில் அவளை அவ்வப்போது பார்த்தார். அவள் கிழக்கும் மேற்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்காவது, என்று நினைத்துக்கொண்டார். நினைப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

முதலில் ஏரி. மற்றவர்கள் இறங்கினார்கள். நிர்மலா நுழைவாயிலில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வண்டிய வுட்டுட்டு வந்துடறேன்,” என்றார் செம்மல். விசில் ஊதுகிறவர் ‘போ, போ’ என்றார். போனார். அங்கும் ஒருவர் ‘போ, போ’ என்றார். இப்படியே போய்க்கொண்டிருந்ததில் ஏரி கண்ணுக்கு மறைந்து, கடைத்தெருவும் மறைந்து, ஒரு காப்பித் தோட்டத்தின் வேலியோரமாக இடம் கிடைத்தது. அங்கிருந்து வேகமாக நடந்து வந்தபோது, எதிரே தனக்கொடி தலைமையில் பெண்கள் ஊர்வலமாக வந்துகொண்டிருந்தார்கள்.

“ஏம்பா, இவ்ளோ தூரத்திலயா வண்டி? நோகாமல்னு போட்டிருந்துது!”

கடைசியாக நிர்மலா வந்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள். “பரவால்ல,” என்றாள். “அடுத்தது இருக்குதில்ல.”

அடுத்தது ரோஜாத் தோட்டம். கலைவாணன் முறைப்படி இது இறங்காமல் பார்க்க வேண்டிய இடம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்கை உயர்த்தினார்.

“வலது பக்கம் பாருங்க. தோட்டம். பாத்தாச்சா? இப்ப இடது பக்கம். அது செவுரு. அத உட்டுடுங்க.”

“ரோசாவ மார்க்கெட்டுலயே தெனம் பாக்கறோமே, இதுக்கா வந்தோம்?” என்றது ஒரு குரல்.

“இது செடியில இருக்கற ரோசாம்மா,” என்றார் கலைவாணன். பூக்காரிகள் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டார்கள். கட்டாத பூவை அவர்கள் பூவாக மதிப்பதில்லை.

சேர்வராயன் கோயிலுக்குப் போகும் பாதையில் கார்கள் நீளமாக நின்றிருந்தன. கலைவாணன் இதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். கோயில் இருக்கும் திசையைச் சுட்டிக்காட்டினார். எல்லோரும் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்கள். வண்டி திரும்பியது.

அடுத்து லேடீஸ் சீட். பள்ளத்தாக்கும் அதற்குக் கீழே சேலமும் விரிந்து கிடக்கும் முனை. பெண்கள் உற்சாகமாக இறங்கி, ஓரத்திலிருந்த கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இதில் வியக்க ஒன்றுமில்லை. புதுச்சேரிக்காரர்கள் பீச் ரோட்டுச் சுவரிலும் கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்கள். கடல் எங்கேயும் போய்விடாது, நடந்துபோகிற ஜனம்தான் போய்விடும். எனவே ஏற்காட்டுக்கு வந்தவர்கள், ஏற்காட்டுக்கு வந்த மற்றவர்களை வெகுநேரம் ஆராய்ந்தார்கள். ஒரு மணப்பெண்ணின் ஸ்வெட்டர் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்து தணிந்தது. ஒரு கர்நாடகக் குடும்பம் இவர்களைக் காட்சியாகக் கருதிப் படமெடுத்துக்கொண்டது.

நிர்மலா மட்டும் உட்காரவில்லை. வண்டிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி சரிவில் நின்றிருந்தது. விற்கப்போகிற வண்டிக்கு முதலாளி செலவு செய்யவில்லை. கைப்பிரேக் பெயருக்குத்தான் இருந்தது; அந்தச் சரிவுக்குக் கல்லும் தாங்காது. மூன்று பெண்கள் மயக்கமென்று உள்ளேயே படுத்திருந்தார்கள். செம்மல் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல் டிரைவர் சீட்டில் இருந்தார். அங்கிருந்து கையைக் காட்டி, ‘நீ பாரு’ என்றார். அவள் மாட்டேனென்று தலையை ஆட்டினாள். பாராமலே வந்து ஏறினாள்.

“ஒத்தையில பாக்க மாட்டேன்னு சொன்னேன்ல.”

“கால எடுத்தா வண்டி போயிடும், நிர்மலா.”

“எனக்குத் தெரியாதா? நான் இன்னா கோவமாவா சொல்றேன்?”

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் யார்மேல் என்று இருவருக்கும் தெரியவில்லை. செம்மலின் கண்கள் எரிந்தன. முன்தினம் கல்யாண ஓட்டம், அதற்கு முந்தினநாள் விமான நிலைய ஓட்டம். தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பகோடா பாயின்ட். கலைவாணன் தமது திட்டத்தின் மணிமகுடம் என்று அதை வைத்திருந்தார். மதியம் சாப்பாடு முடிந்ததும், வெயில் பள்ளத்தாக்கில் விழும் நேரம், ரெண்டு மணிக்கு. அவருடைய திட்டத்தில் இருந்த ஒரே பிழை இதுதான். வேறெந்த ஊர்க்காரரை வைத்தும் இதை நிறைவேற்றியிருக்கலாம்.

புதுச்சேரியில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடைகள் மூடியிருக்கும். அந்த நேரத்தில் கடவுளே வந்து கதவைத் தட்டினாலும் ‘நாலு மணிக்கு மேல வாங்க’ என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது சட்டத்தைக் கொண்டுபோனார்கள், துப்பாக்கியைக் கொண்டுபோனார்கள், தூக்கத்தை மட்டும் விட்டுப் போனார்கள் என்று சொல்வோர் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள்தான் அதை நம்மிடம் கற்றார்கள் என்று சொல்வோரும் உண்டு. மார்க்கெட்டுப் பெண்களோ சேவலுக்கு முன்னால் எழுகிறவர்கள். அவர்களுக்கு மதியத் தூக்கம் உடம்பில் ஓர் உறுப்பு.

பகோடா பாயின்ட்டுக்குச் சற்று முன்பாகச் சமதளமான ஒரு வெட்டவெளியில் வண்டியை நிறுத்தினார் செம்மல். வஞ்சிரக் குழம்பும் சோறும் பரிமாறப்பட்டன. குளிர்ந்த காற்று, சூடான குழம்பு. கை கழுவியவர்கள் சீட்டில் சாய்ந்தார்கள். தனக்கொடி ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதிச் சொல்லில் உறங்கிப்போனாள். சில நொடிகளில் வேனே தூக்கத்தில் விழுந்தது. கடைசியாக விழுந்தவர் கலைவாணன். ‘அன்பார்ந்த பயணிகளே’ என்று தொடங்கினார். அதற்குமேல் மைக்கில் வந்தது அவருடைய குறட்டை. மைக்கை அணைக்காததால் அது எல்லா இருக்கைகளுக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் விழிக்கவில்லை.

செம்மல் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். விழித்திருந்தவள் நிர்மலா ஒருத்திதான்.

“சரிவு இருக்குதா?” என்றாள்.

“இல்ல.”

“அப்ப எறங்குங்க.”

செம்மல் இறங்கினார். இருந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்தார். நிர்மலா இறங்கப் படியில் தயங்கினாள். கை கொடுத்தார். காட்சி முனை கூப்பிடு தூரம்தான். ஆனால் அவள் முட்டிக்கு அது ஒரு பிரயாணம். கொஞ்சம் நடப்பது, நிற்பது, அவர் தோளைப் பிடிப்பது, மறுபடி நடப்பது.

“வலிக்குதா?”

“வலிக்காம? பேரு மட்டும் நோகாமல்.”

முனைக்கு வந்தபோது பள்ளத்தாக்கு முழுதும் பனிமூட்டம். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. ஒரு சிமெண்ட் பெஞ்சு காலியாக இருந்தது. அதில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார்.

“இது எப்ப போவும்?”

“தெரியல. நான் இதுக்கு முன்னாடி வந்ததில்லையே.”

“இத்தினி வருசம் வந்துட்டு?”

“அதோ, அந்த மரத்தாண்ட வரைக்கும் வந்திருக்கேன். வண்டி திருப்ப.”

நிர்மலா சிரித்தாள். காலையிலிருந்து இப்போதுதான் சிரித்தாள். “இருக்கட்டும், காத்துகினு இருப்போம்,” என்று கம்பிக்கு அப்பால் பார்த்தாள். காற்று அடித்தது. வெள்ளை கொஞ்சம் மெலிந்தது. முதலில் ஒரு மரத்தின் தலை தெரிந்தது. பிறகு ஒரு பாறை. பிறகு, யாரோ துணியை உருவியதுபோல், மூட்டம் முழுதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பச்சையும் நீலமுமாக மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போயின. பள்ளத்தில் வெயில் விழுந்து கிடந்தது.

“இன்னாங்க! அங்க பாருங்க!”

திரும்பினாள். செம்மல் உட்கார்ந்தபடியே உறங்கியிருந்தார். தலை மார்பில் தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கால் மட்டும் பிரேக்கில் இருப்பதுபோல் முன்னால் அழுந்தி இருந்தது.

எழுப்பக் கையைக் கொண்டுபோனாள். இதற்குத்தானே வந்தாள். டிக்கெட் எடுத்து, முட்டி நோக, மற்ற எல்லாவற்றையும் பாராமல் விட்டுவிட்டு. ஒரு தட்டு தட்டினால் விழித்துவிடுவார். ‘ஆங், ஆங், நல்லா இருக்குது’ என்றும் சொல்வார். மூட்டம் எந்த நேரமும் திரும்பி வரலாம்.

அப்போதுதான் கீழே சாலையைப் பார்த்தாள். மலைச்சரிவில் ஒரு வெட்டுப்போல் தெரிந்து, மறைந்து, கீழே மறுபடி தெரிந்து, வளைந்து, இன்னும் கீழே வளைந்து போனது. அதில் ஒரு வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. வளைவில் தயங்கி நின்றது, எதிரே வந்ததற்கு வழிவிட்டது, மெல்லத் திரும்பியது. அடுத்த வளைவிலும் அதேபோல் நின்றது. அந்த வேன் கண்ணைவிட்டு மறையும்வரை நிர்மலா பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இவர் இத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு இதில்தான் இறங்க வேண்டும். அதற்கப்புறம் ஊர்வரைக்கும் இவர்தான் ஓட்ட வேண்டும்.

நீட்டிய கையை அவர் தலைக்குக் கொடுத்தாள். தலை அவள் தோளில் சாய்ந்தது. கனத்தது. அசையாமல் உட்கார்ந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லியிருந்த ஒன்றைச் செய்தாள். மலையை ஒத்தையில் பார்த்தாள்.

நல்லாத்தான் இருந்தது. அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

வெகுநேரம் கழித்துத் தனக்கொடியின் குரல் முன்னே வர, தனக்கொடி பின்னே வந்தாள். அவளுக்குப் பின்னால் கன்னத்தில் மைக் அழுந்திய தடத்தோடு கலைவாணன்.

“டிரைவர் எங்கடி? நாலாவப் போவுது! வண்டில ஆளு இல்ல!”

“கத்தாத,” என்றாள் நிர்மலா. “மலை பாக்கறாரு.”

தனக்கொடி குனிந்து செம்மலின் முகத்தைப் பார்த்தாள். தன் வாழ்நாளில் முதன்முறையாகக் குரலைத் தணித்தாள். “நல்லாத்தான் பாக்கறாரு.”

“ரெண்டு மணி காட்சி போச்சே,” என்றார் கலைவாணன்.

“நீ கொறட்ட வுட்டியே, அதுதான் ரெண்டு மணி காட்சி. வா அந்தாண்ட.” அவரைச் சட்டையோடு இழுத்துப் போனாள்.

செம்மல் விழித்தபோது எதிரே மறுபடியும் வெறும் வெள்ளை. சுற்றுமுற்றும் பார்த்தார். தோளிலிருந்து தலையை எடுத்தார். என்ன நடந்தது என்று புரிந்து அவர் முகம் சுருங்கியது.

“தெரிஞ்சிதா?”

“தெரிஞ்சிது.”

“எழுப்பி இருக்கலாம்ல.”

“எழுப்பலாம்னுதான் கையத் தூக்குனேன். கீழ ரோட்டப் பாத்தேன். வுட்டுட்டேன்.”

“ஒத்தையில பாக்க மாட்டேன்னியே.”

“தோளு மேல அவ்ளோ பாரம். ஒத்தையிலன்னு எப்டி சொல்றது?” என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “வாங்க. இருட்டறதுக்குள்ள எறங்கணும்.”

வேனில் பெண்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நிர்மலா தன் ஜன்னலோர சீட்டுக்குப் போகவில்லை. கலைவாணன் மைக்கோடு உட்கார்ந்திருந்த முன் சீட்டருகே போய் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து பின்னால் போனார்.

கற்களை எடுத்துவிட்டுச் செம்மல் ஏறினார். பக்கத்தில் அவளைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு வண்டியை எடுத்தார். இறக்கம் தொடங்கியது. முன்னால் காப்பி மூட்டை ஏற்றிய ஒரு லாரி. அதன் பின்பலகை கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. மலை இல்லை, பள்ளம் இல்லை, வானம்கூட ஓரத்தில் கொஞ்சம்தான். ஒரு வளைவு கழிந்தது, இன்னொரு வளைவு கழிந்தது. லாரியைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

“இதத்தான் இத்தினி வருசமா பாத்துகினு இருந்தீங்களா?” என்றாள் நிர்மலா.

“தெனமும் இதே லாரி இல்ல,” என்றார் செம்மல் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். “சில நாளைக்கு வைக்கோல் லாரி இருக்கும்.”

அவள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, லாரியைப் பார்க்கத் தொடங்கினாள்.